அரிசி நிறைஞ்சிட்டுது

பின்னேரம் ஐந்தரை. டிசெம்பர் மாதம். அதனால் நல்ல இருட்டு.

நாங்கள் வந்து குடியேறின இந்தக் குளிர்நாட்டில், வோபர்ன் என்ற இடத்தில் ஒரு தேவாலயம் இருக்கிறது. முன்பக்கம் பெரிய தெரு. பஸ், வெளிச்சம், கொத்துரொட்டிக் கடை எல்லாம் உண்டு. பின்பக்கம் போனால் ஒன்றுமில்லை. ஒரு பக்கம் பலகை வேலி, மற்றப் பக்கம் தேவாலய மண்டபத்தின் சுவர், நடுவே ஒரு கார் மட்டும் போகக்கூடிய ஒழுங்கை. பனி கொட்டினால் அதை யாரும் தள்ளுவதில்லை. ஒரேயொரு பல்ப்… அதுவும் மினுங்கி மினுங்கித்தான் எரியும்.

அந்த ஒழுங்கைப் பக்கத்துக் கதவில்தான் சத்தம் கேட்டது.

கேட்டவள் செரீனா. எங்கள் றொய்சனின் அக்கா. யூனியன்வில் றொய்சன்… தெரியும்தானே, ஒரு பகிடியைக்கூடக் கூட்டிச் சொல்லத் தெரியாதவன். அவன் சொன்னபடிதான் இது வருகிறது. அவனுக்குத் தெரியாத இடங்கள் இங்கேயும் தெரியாத இடங்கள்தான்.

செரீனா மன்னார்க்காரி. பகலில் வயதானவர்களின் வீடுகளுக்குப் போய்க் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு தீத்திவிடுகிற வேலை. செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் அந்த மண்டபத்தில் நடக்கிற ஃபூட் பாங்கில் சம்பளமில்லாமல் நிற்பாள். அரிசி, அவரை, ரின் மீன், பாஸ்தா… வரிசையில் வருகிறவர்களுக்குப் பையில் போட்டுக் கொடுப்பாள்.

அவளிடம் ஒரு பழக்கம். அரிசி முடிந்தால் இல்லை என்று சொல்லமாட்டாள். நிறைஞ்சிட்டுது என்பாள். வேதக்காரர், சைவக்காரர் என்றில்லை, எங்களில் கனபேர் வீட்டில் இது இருக்கிறது. அரிசியையும் உப்பையும் இல்லை என்று சொன்னால் அந்த இல்லை குசினியிலேயே தங்கிவிடும் என்று ஒரு பயம். செரீனாவுக்கு அது நாக்கில் ஊறிப்போனது. ஆங்கிலத்தில் சொன்னாலும் அப்படியே வந்துவிடும்.

ஃபூட் பாங்குக்குப் பொறுப்பாக இருந்த அல்பேட் அண்ணை இதற்காகவே அவளைப் பகிடி பண்ணுவார்.

"செரீனா, போன கிழமை அந்த மனுசனிட்டை ரைஸ் ஃபுல் எண்டு சொன்னனியோ?"

"ஓம். முடிஞ்சுதுதானே."

"அந்தாள் பையை விரிச்சுப் பிடிச்சுக்கொண்டு பூசை முடியுமட்டும் நிண்டது. இல்லை எண்டு சொன்னால் என்ன, வாய் சுட்டுப்போடுமோ?"

"அரிசியை அப்பிடிச் சொல்லக்கூடாது அண்ணை."

"அப்ப நீ சொல்லாதை. நான் சொல்லுறன். நான் ஏற்கெனவே ஒண்டுமில்லாதவன்தானே."

இப்படிச் சிரித்துக்கொண்டு போன வேலை.

அங்கே கஸ்பார் என்று ஒரு முதியவர் வருவார். ருவாண்டாக்காரர். நல்ல உயரம், மெல்லிய உடம்பு, எப்போதும் கோட்டும் தொப்பியும். கடைசி ஆளாகத்தான் வருவார். பையை வாங்கியதும் நேரே வீட்டுக்குப் போகமாட்டார். ஒழுங்கைக் கதவடிக்குப் போவார். திறப்பார். தலையை வெளியே நீட்டி, ஆளில்லாத இருட்டைப் பார்த்துத் தன் மொழியில் ஒரு வசனம் சொல்லுவார். சின்ன வசனம்தான். ஆனால் கடுமையான குரல்… வளவுக்குள் வந்த மாட்டைத் துரத்துகிற மாதிரி. பிறகு கதவைச் சாத்திவிட்டு முன்கதவால் போவார்.

யாரோடு கதைக்கிறீர்கள் என்று செரீனா ஒருநாள் கேட்டாள். "யாராவது அவர்களுக்குச் சொல்லத்தானே வேண்டும்" என்றார். அவ்வளவுதான்.

நவம்பரில் கஸ்பார் இறந்துபோனார். அதே தேவாலயத்தில்தான் பூசை. அதன்பிறகு அந்தக் கதவை யாரும் திறக்கவில்லை.

சரி. இப்போது அந்த டிசெம்பர்ச் செவ்வாய்க்கிழமை.

அல்பேட் அண்ணை போய்விட்டார். அரைவாசி லைற்றுகள் நூர்த்தாயிற்று. செரீனா கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தாள். அப்போது அந்தச் சத்தம். தட்டு என்றும் சொல்ல முடியாது. நகத்தால் சுரண்டுகிற சத்தம். வெறும் சட்டியின் அடியை ஒருவர் விரலால் வழித்தால் வருமே… கிர்ர்… பிறகு ஒன்றுமில்லை… கிர்ர்…

திறந்தாள்.

ஒரு மனுசி நின்றாள். உயரமானவள். ஒரு தோளில் முடிச்சுப் போட்ட ஒற்றைத் துணி. கோட் இல்லை. காலில் ஒன்றும் இல்லை. கையில் சுளகு மாதிரி ஒரு தட்டைக் கூடை. கூடையால்தான் கதவைச் சுரண்டியிருக்க வேண்டும் என்று செரீனா நினைத்தாள்… கூடையில் நகம் இல்லையே என்று பிறகுதான் நினைத்தாள்.

முதலில் வந்தது மணம். நகப்பூச்சு அழிக்கிற தண்ணியின் மணம். செரீனாவுக்கு அது தெரியும். வேலைக்குப் போகிற வீடுகளில், நாள்கணக்காகச் சாப்பாட்டை மறுத்துவிட்ட கிழடுகளின் மூச்சில் அது வரும்.

 அந்த மனுசி கூடையைக் கவிழ்த்துக் காட்டினாள். ஒன்றும் விழவில்லை.

விடியக் காலமையிலிருந்து நின்ற கால். களைத்த மூளை. அரிசித் தட்டு எப்போதோ வெறுமையாகியிருந்தது. செரீனாவின் வாய் தன்பாட்டில் திறந்தது.

"அரிசி நிறைஞ்சிட்டுது, அம்மா."

மனுசி அவளையே பார்த்தாள். கண்ணில் ஏதோ எழும்பியது. பாவம் என்று பட்டது செரீனாவுக்கு. வேறு ஏதாவது கிடக்கும், தேடிப் பார்ப்போம் என்று நினைத்தாள்.

"இருங்கோ. வாறன்."

உள்ளே போய்ப் பெட்டிகளைக் கிளறி ஒரு ரின் அவரை எடுத்துக்கொண்டு வந்தாள். வாசலில் யாரும் இல்லை. ஒழுங்கையில் பனி விழுந்துகொண்டிருந்தது. விழுந்த பனி விழுந்தபடியே கிடந்தது. ஒரு காலடிகூட இல்லை… வந்ததற்கும் இல்லை, போனதற்கும் இல்லை.

ரின்னைப் படியில் வைத்துவிட்டுக் கதவைப் பூட்டினாள். காரில் ஏறியதும் பக்கத்துச் சீற்றுக்கு பெல்ற் போடச் சொல்லிக் கார் கத்தத் தொடங்கியது. கைப்பை கிடந்ததால்தான் என்று நினைத்து, அதைத் தூக்கி மடியில் வைத்தாள்.

வீடு போகுமட்டும் கத்தியது.

செரீனாவும் புருஷன் றிச்சர்டும் இருந்தது ஒரு டவுன்ஹவுஸில். கீழே குசினி, குசினியிலிருந்து பின்வளவுக்கு ஒரு கதவு, முன்னால் ஒடுங்கிய ஒரு நடை. அவர்களுக்கு ஒரேயொரு பிள்ளை. ஸ்டெபனி. நாலு வயது. கொழுகொழுவென்று இருக்கிற பிள்ளை. கோப்பையில் போட்டதெல்லாம் சாப்பிடும், மற்றவர்களின் கோப்பையையும் பார்க்கும்.

அடுத்தநாள் காலமை பிள்ளை பால் குடிக்கவில்லை. கூப்பிட்டாலும் வரவில்லை. போய்ப் பார்த்தால், நடையில் சுவரோடு சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, குசினியைப் பார்த்தபடி இருக்கிறது.

"என்னடி செய்யிறாய்?"

"லைன்ல இருக்கிறன்."

"என்ன லைன்?"

"சாப்பாட்டு லைன். ஃபுல் எண்டு சொன்னவை. இருக்கச் சொன்னவை."

செரீனா முதல்நாள் நடந்ததை வீட்டில் ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை.

"சாப்பாடு இஞ்சை கிடக்குது. வா, அம்மா தீத்திவிடுறன்."

பிள்ளை பொறுமையாகத் தலையை ஆட்டியது. விளங்காத ஒருவருக்கு விளக்கம் சொல்லுகிற மாதிரி.

"எனக்கு முன்னாலை நிறைய ஆக்கள் இருக்கினம் அம்மா."

அன்றைக்கு முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை. அடுத்தநாளும் இல்லை. தண்ணீர் மட்டும் குடித்தது. சோறு, பாண், கேக், பிள்ளை உயிரையே விடுகிற சிக்கன் நகற்ஸ்… எதைக் காட்டினாலும் "என்ரை டர்ன் வரேல்லை" என்றது. அடம் இல்லை. அழுகை இல்லை. அதுதான் செரீனாவுக்குப் பயமாக இருந்தது. பிள்ளைகள் அடம்பிடித்துத்தான் சாப்பிடாமல் இருக்கும். இது முறையாகக் காத்திருந்தது.

டொக்டரிடம் கொண்டு ஓடினார்கள். இரத்தம் எடுத்துப் பார்த்தார். தொண்டை பார்த்தார். ஒரு பிழையும் இல்லை. எடை இனியும் இறங்கினால் ஆஸ்பத்திரியில் மறித்து மூக்கால் குழாய் விட வேண்டிவரும் என்றார்.

"பள்ளிக்கூடத்திலை ஆரோ பழக்கின விளையாட்டு" என்றான் றிச்சர்ட். "பசிச்சால் தானா வருவாள். நீ அழுதுகொண்டு பின்னாலை திரியாதை."

ஆனால் இரவில் அவனும் நித்திரை கொள்ளவில்லை. குசினியில் சட்டி வழிக்கிற சத்தம் வந்துகொண்டிருந்தது. கிர்ர்… கிர்ர்… செரீனா எழும்பிப் போய்ச் சட்டி பானையெல்லாம் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். திரும்பி வந்து படுத்தாள். கிர்ர்…

பிள்ளையை இழுத்து அணைத்தாள். பிள்ளையின் மூச்சில் அந்த மணம். நகப்பூச்சு அழிக்கிற தண்ணி.

அதற்கு அடுத்த இரவுதான் றிச்சர்டுக்கும் வாய் அடைத்தது. லைற் போடாமல் நடை வழியாகப் பாத்ரூமுக்குப் போனவனின் கால் ஒரு முழங்காலில் இடித்தது. பிள்ளை திரும்பவும் எழும்பி வந்து இருக்கிறது என்று நினைத்துக் குனிந்தான். கையை நீட்டினான். முழங்கால்… தோலும் எலும்பும். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. சுவர் நீளத்துக்கு.

லைற்றைப் போட்டான். நடை வெறுமையாக இருந்தது. பிள்ளை அறையில் செரீனாவின் கைக்குள் கிடந்தது.

கட்டிலில் வந்து இருந்து, கனநேரம் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு கேட்டான்.

"செரீனா… இந்த வீட்டுக்கு ஆரையும் கூட்டிக்கொண்டு வந்தனியோ?"

சனிக்கிழமை பின்னேரம். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. பிள்ளைக்கு நிற்கப் பலமில்லை. காற்சட்டை இடுப்பில் தங்கவில்லை. தவழ்ந்து தவழ்ந்து நடைக்குப் போனது. ஆனால் இந்த முறை வழமையான இடத்தில் இருக்கவில்லை. குசினிவாசலை ஒட்டி இருந்தது. முகத்தில் சிரிப்பு.

"முன்னுக்கு இருந்தவை எல்லாரும் படுத்திட்டினம் அம்மா. நான் இப்ப ஃபர்ஸ்ட்."

அப்போதுதான் செரீனாவுக்கு அந்தக் கதவு ஞாபகம் வந்தது. அந்தக் கதவடிக்குப் போகிற பழக்கம் உள்ள ஒரேயொரு மனுசனும், அவர் இருட்டுக்குச் சொல்லுகிற வசனமும். அல்பேட் அண்ணையிடம் நம்பர் வாங்கி, கஸ்பாரின் மகளுக்கு எடுத்தாள். இமாக்குலே என்று பெயர். மிசிசாகாவில் இருந்தாள், விமான நிலையத்தில் வேலை. வேலையில்தான் நின்றாள். போனுக்குப் பின்னால் யாரோ விமான அறிவித்தல் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

உங்கள் அப்பா அந்தக் கதவில் என்ன சொல்லுவார் என்று செரீனா கேட்டாள்.

மற்றப் பக்கத்தில் ஒரு கதவு சாத்துப்பட்டது, அறிவித்தல் சத்தம் நின்றது. பிறகு இமாக்குலே மெல்லமாகச் சொன்னாள்.

"அப்பா சின்னப் பிள்ளையாக இருந்தபோது பெல்ஜியக்காரர்தான் எங்களை ஆண்டார்கள். உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. மழை பொய்த்தது. கிழங்கு நிலத்துக்குள்ளேயே அழுகியது. இருந்த தானியத்தையும் மாட்டையும் யுத்தத்துக்கென்று, கொங்கோவில் சுரங்கம் வெட்டுகிறவர்களுக்கென்று, கொண்டுபோனார்கள். அந்தப் பஞ்சத்துக்கு நாங்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறோம். ருஸகாயூரா. சனம் தெருத்தெருவாக நடந்தது. விழுந்தது.

"அப்பாவின் இடத்தில் ஒரு களஞ்சியம் இருந்தது. வாசலில் ஒரு காவலாளி. உள்ளே ஒரு மணியும் இல்லை. இல்லை என்றால் சனம் கதவை உடைக்கும் என்று பயந்து அவன் வேறு சொன்னான். நிறைந்திருக்கிறது, இருங்கள் என்றான். சனம் நம்பியது. சுவரோடு வரிசையாக இருந்தது. அப்பாவின் அம்மாவும் அந்த வரிசையில் இருந்தாள். கதவுக்குக் கிட்ட இருந்தவர்கள்தான் முதலில் செத்தார்கள்… அவர்கள்தானே கனநாளாக இருந்தவர்கள். அவர்கள் சரிய, பின்னால் இருந்தவர்கள் முன்னுக்கு நகர்ந்தார்கள்."

செரீனா நடையைப் பார்த்தாள். பிள்ளையின் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

"அப்பாவை ஒரு மாமன் வந்து தூக்கிக்கொண்டு நடந்தான். அடுத்த களஞ்சியத்தில் ஒன்றுமில்லை போ என்று ஏசித் துரத்தினார்கள். துரத்தப்பட்டவர்கள் நடந்தார்கள். நடந்தவர்களில் சிலர் எல்லை கடந்தார்கள், பிழைத்தார்கள். அந்த வருடம் தனக்குக் கிடைத்த ஒரே தருமம் அந்த இல்லைதான் என்பார் அப்பா. அதைத்தான் கதவில் சொல்லுவார். இல்லை, ஒன்றும் இல்லை, எழும்பிப் போங்கள் என்று. எந்த நாட்டில் இருந்தாலும் சொல்லுவார். சாப்பாடு கொடுக்கிற இடமாகப் பார்த்துச் சொல்லுவார்."

"ஆரும் அவையளுக்கு… நிறைஞ்சிருக்கு எண்டு சொன்னால்?" செரீனா தமிழில் கேட்டுவிட்டு, திரும்ப ஆங்கிலத்தில் கேட்டாள்.



"யார் சொன்னது?" என்று கேட்டாள் இமாக்குலே.

செரீனா போனைக் கீழே வைத்தாள். அலுமாரியைத் திறந்து சோற்றுப்பானையை எடுத்தாள். பின்கதவை அகலத் திறந்தாள். பனிக்காற்று உள்ளே வந்தது. நடைவாசலில் போய் நின்று, பானையைக் கவிழ்த்துப் பிடித்தாள்.

சொல்ல வேண்டியது ஒரு சொல். பிறந்த நாள் தொட்டுக் குசினிக்குள் நின்று அவள் சொல்லாத சொல். வாய் திறந்தது, காற்றுத்தான் வந்தது. திரும்பத் திறந்தாள். நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. மாடிப்படியில் இருந்த றிச்சர்ட் "சொல்லு செரீனா" என்றான். "சொல்லித் துலை. பிள்ளை கண்ணைச் செருகுது."

"இல்லை."

தன் குரல் மாதிரியே இருக்கவில்லை அவளுக்கு.

"அரிசி இல்லை. அவரை இல்லை. ஒண்டுமே இல்லை. நான் சொன்னது பொய். இஞ்சை ஒருத்தரும் உங்களுக்கு ஒண்டும் தரப்போறதில்லை. எழும்பிப் போங்கோ."

ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு… ஒரு மூட்டு முறிகிற சத்தம். கனநேரம் குந்தியிருந்த ஒருவர் எழும்பும்போது வருமே, அந்தச் சத்தம். பிறகு இன்னொன்று. பிறகு நடை நீளத்துக்கும், மளமளவென்று, காய்ந்த விறகை உடைக்கிற மாதிரி. துணி உரசியது. கூடைகள் சுவரில் தேய்ந்தன. அந்த மணம் அலையாக வந்து செரீனாவைக் கடந்தது. அவள் பானையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டினாள். படியில் இருந்த றிச்சர்ட் காலை மடக்கி வழிவிட்டான்… அவன் கண்ணில் ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் விட்டான்.

பின்கதவுக்கு வெளியே பனியில் காலடிகள். சரக்… சரக்… சரக்… முடிகிற மாதிரியே இல்லை. வேலிப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தன.

"அம்மா."

பிள்ளை கண்ணைத் திறந்திருந்தது.

"பசிக்குது."

றிச்சர்ட் பாய்ந்து போய்ப் பாணை எடுத்தான். வெட்டவில்லை, பிய்த்தான். பாலில் தோய்த்துக் கொடுத்தான். பிள்ளை வாங்கிக் கடித்தது. விழுங்கியது. திரும்பவும் கையை நீட்டியது. செரீனா நிலத்தில் இருந்து சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை. கதவைச் சாத்தவேண்டும் என்ற நினைவுகூட வரவில்லை. சரக்… சரக்… சத்தம் இப்போது தூரத்தில் தேய்ந்துகொண்டிருந்தது.

ஸ்டெபனி இங்கே பிறந்த பிள்ளை. அதற்கு முழுசாகத் தெரிந்த தமிழ் வசனங்கள் கொஞ்சம்தான். அதில் ஒன்றைச் செரீனா மினக்கெட்டுப் பழக்கியிருந்தாள். வீட்டுக்கு வந்தவர்கள் வெளிக்கிடும்போது சும்மா நிற்கக்கூடாது, போங்கோ என்று மட்டும் சொன்னால் இனி வராதை என்ற மாதிரி ஆகிவிடும், கையைக் காட்டி மரியாதையாக இப்படிச் சொல்லவேண்டும் என்று. பிள்ளை சொல்லுகிற வடிவைப் பார்த்து வருகிற அன்ரிமார் எல்லாரும் கொஞ்சிவிட்டுப் போவார்கள்.

பிள்ளை வாய் நிறையப் பாணோடு பின்கதவைப் பார்த்தது. சின்னக் கையைத் தூக்கியது.

"போட்டு வாங்கோ."

பனியில் காலடிகள் நின்றன.

எல்லாம் ஒன்றாக.